வடைமாலையிலிருந்து ஒரு வால்வு

எங்கள் ஊர் மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு தம்பி கேள்வி ஒன்றைப் போட்டிருந்தான். "பழைய கார் ஒண்ணு வந்துகீது. ஹீட்டர்ல சூடு கம்மியா வருதாம். இன்னா பண்றது?" அவ்வளவுதான், சிரிப்பு முகங்களாக வந்து கொட்டின. "கள்ளக்குறிச்சில ஹீட்டரா? பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு மணி நேரம் வெயில்ல நிறுத்து, தானா சூடாயிடும்" என்றான் ஒருவன். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்து இரண்டு வருடம் ஆகிறது, இப்படிச் சிரிக்க எப்போதாவதுதான் வாய்க்கிறது. சிரித்து ஓய்ந்ததும், "கோயிந்தண்ணே, நீங்க ஒருவாட்டி ஹீட்டருக்காக மலைக்கே போனீங்களே, அத்த எழுதுங்க" என்று பிடித்துக்கொண்டார்கள். எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

நான் மணலூர்பேட்டைப் பக்கத்துக்காரன். வீட்டில் எல்லோரும் கரும்பு வெட்டப் போனால், நான் கரும்பு ஏற்ற வந்த டிராக்டரின் அடியில் படுத்துக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருப்பேன். பத்தாவதோடு படிப்பு என்னைக் கைகழுவிவிட்டது. கள்ளக்குறிச்சியில் காதர் பாய் பட்டறையில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் மண்ணெண்ணெயில் நட்டு போல்ட்டுக் கழுவினேன். அதற்கப்புறம் முப்பத்தெட்டு வருடம் கார் பார்த்தேன். என் படிப்பு, பயிற்சி எல்லாம் இவ்வளவுதான்.

பாயைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது. பட்டறையில் நாங்கள் எல்லோரும் கரி பூசிக்கொண்டு திரிய, அவர் மட்டும் வெள்ளைக் கைலியில் இருப்பார். அதில் ஒரு சொட்டு கிரீஸ் பட்டு நான் பார்த்ததில்லை. மனிதர்களுக்கு அவரிடம் மரியாதை கிடையாது, எல்லா மரியாதையும் வண்டிகளுக்குத்தான். பானெட்டைத் தடவிக்கொண்டே, "இன்னாங்க, ஒடம்புக்கு முடியலீங்களா?" என்று காரிடம் விசாரிப்பார். அதே மூச்சில் திரும்பி, "டேய், பதினாலாம் நம்பர் ஸ்பேனர எங்கடா தொலச்ச?" என்று என் மேல் பாய்வார். வண்டியாகப் பிறந்திருக்கலாமே என்று நான் பலமுறை ஏங்கியதுண்டு.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. வண்டியைத் தொடுவதற்கு முன், கொண்டுவந்தவரை உட்காரவைத்துக் கோளாறை மூன்று தடவை சொல்ல வைக்க வேண்டும். நடுவில் நாம் வாயைத் திறக்கக் கூடாது. "மொத தடவ அவன் நெனைக்கிறதச் சொல்லுவான். ரெண்டாவது தடவ வேற மெக்கானிக்கு சொன்னதச் சொல்லுவான். மூணாவது தடவதான்டா வண்டி இன்னா பண்ணுச்சின்னு சொல்லுவான்" என்பார்.

எனக்கு முதலில் இது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. ஒருநாள் சின்னசேலத்துக்காரர் ஒருவர் வந்தார். திரும்பும்போதெல்லாம் காரின் பின்னால் 'லொடக்' என்று அடிக்கிறதாம். இரண்டு இடத்தில் காட்டி, இரண்டு இடத்திலும் எதையெதையோ மாற்றிவிட்டார்கள். சத்தம் அப்படியே இருக்கிறது. பாய் மூன்று தடவை சொல்ல வைத்தார். மூன்றாவது தடவை அந்த மனிதர் சலித்துப்போய், "மாமியார் வூட்டுக்குப் போயிட்டு வந்ததுலேர்ந்துதாங்க இந்தத் தலவலி" என்றார். பாய் எழுந்து போய் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கினார். அடியில் முழுசாக ஒரு தேங்காய் கிடந்தது. மாமியார் கொடுத்தனுப்பிய மூட்டையிலிருந்து உருண்டதாம். அன்றிலிருந்து நான் அந்தச் சட்டத்தை மீறியதில்லை, ஒரே ஒரு தடவை தவிர.

பாயிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரின் வழியில் 'தெர்மோஸ்டாட்' என்று ஒரு வால்வு இருக்கும். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடி நிற்கும். சூடேறியதும் திறந்து வழிவிடும். சில சமயம் அது திறக்காமல் அடம்பிடித்தால் தண்ணீர் கொதித்து எஞ்சினே பாழாகிவிடும். நம் ஊர் வெயிலுக்கு அதெல்லாம் வேண்டாத வேலை என்பது பாயின் முடிவு. எந்தக் கார் எதற்காக வந்தாலும் சரி, "அந்த வால்வ மொதல்ல கழட்டிடுடா" என்பார். பாய் மட்டுமல்ல, அந்த நாளில் எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் பாதிப்பேர் இதைத்தான் செய்தார்கள். கழற்றியதைத் தூக்கிப் போடமாட்டார். நாளைக்கு எவனாவது என் பொருள் எங்கே என்று சண்டைக்கு வந்தால் காட்ட வேண்டுமே. வண்டி நம்பரை மஞ்சள் பெயின்ட்டில் எழுதி, ஒரு கம்பியில் கோத்து, சுவரில் மாட்டிவிடுவார். வருடக்கணக்கில் கோத்துக் கோத்து அது அனுமாருக்குச் சாத்திய வடைமாலை மாதிரி ஆகிவிட்டது. பட்டறையில் அதற்குப் பெயரே வடைமாலைதான். பாயும் அப்படித்தான் சொல்வார்.

இப்போது ஹீட்டருக்கு வருகிறேன். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி ஒரு வருடமோ என்னவோ ஆகியிருந்தது. மார்கழி மாதம், செவ்வாய்க்கிழமை காலை. பாய் ஒரு கல்யாணத்துக்காகத் திருக்கோவிலூர் போயிருந்தார். காதை மூடிய குல்லாவோடு ஒருவர் பழைய வெள்ளை டீசல் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். பெயர் இளையபெருமாள். கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே வீடு. சாமையும் மரவள்ளியும் போடுகிற விவசாயி, முப்பது வயது இருக்கும். நாலு கை மாறி அவரிடம் வந்து சேர்ந்த கார்.

"ஹீட்டர்ல சூடு கம்மியா வருதுங்கண்ணா" என்றார்.

பட்டறையே சிரித்தது. முதலில் சிரித்தது நான்தான். "யோவ், வெளிய நில்லு, ஊரே ஹீட்டரு" என்று வேறு சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி சொன்னார்.

"புள்ள எட்டாம் மாசமே பொறந்துடுச்சிங்க. பொண்ணு. ஒண்ணரைக் கிலோதான் இருந்துச்சு. இருவத்தாறு நாளா பெரியாஸ்பத்திரில கண்ணாடிப் பொட்டில வெச்சிருந்தாங்க. நாளன்னிக்கு வியாழக்கெழம வூட்டுக்கு அனுப்பறாங்க. குளிரு மட்டும் படவே கூடாதுன்னு நர்சம்மா சொல்லிட்டாங்க. மலையில இப்ப ஒரே பனிங்கண்ணா. கண்ணாடிய ஏத்திக்கினு ஓட்டுனா மூச்சுக் காத்துல மூடிக்கினு ரோடே தெரியல. எறக்குனா குளிரு உள்ள வருது. ஹீட்டரு ஓடுனா ரெண்டுக்கும் ஆச்சு."

என் சிரிப்பு அப்படியே நின்றது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் தப்புச் செய்தேன். அவர் மூன்றாவது தடவை சொல்ல வாயைத் திறந்து, "அதுவும் மேல போனதும்..." என்று ஆரம்பித்தார். "புரிஞ்சிது, புரிஞ்சிது. நீ கவலப்படாத, போயி டீ சாப்புடு" என்று அவரை எழுப்பி அனுப்பிவிட்டேன்.

சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு மாங்குமாங்கென்று வேலை பார்த்தேன். ரேடியேட்டரில் தண்ணீர் குறைவாக இருந்தது, நிரப்பினேன். குழாய்க்குள் காற்று அடைத்திருந்தது, எஞ்சினை ஓடவிட்டு, நீர்க்குமிழி வருவது நிற்கும்வரை வெளியேற்றினேன். டேஷ்போர்டுக்கு அடியில், ஹீட்டர் பெட்டிக்குள் சின்ன ரேடியேட்டர் ஒன்று இருக்கும். அதற்குள் போகிற குழாயைத் தொட்டால் சுடுகிறது, திரும்பி வருகிற குழாய் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. உள்ளே அடைப்பு. வருகிற பக்கத்திலிருந்து தண்ணீரை எதிர்த்துப் பாய்ச்சினேன், துருவும் சேறுமாகக் கஷாயம்போல் கொட்டியது. தெளிந்த தண்ணீர் வரும்வரை விடவில்லை. சூட்டுக் குமிழைத் திருப்பினால் உள்ளே தகடு பாதிதான் நகர்ந்தது, ஒயரை இழுத்துக் கட்டினேன். காற்றாடியைக் கழற்றினால் உள்ளே எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. மெத்தையெல்லாம் கோர்ட்டுக் காகிதம். எந்தக் காலத்திலோ அந்தக் கார் எங்கள் ஊர் வக்கீல் ஒருவரிடம் இருந்ததை அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எலியையும் வக்கீலையும் வைத்து எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

மதியம் மூன்று மணிக்குப் பரிசோதனை. நான், இளையபெருமாள், எலக்ட்ரீஷியன் செல்வம், மூன்று பேரும் காருக்குள் உட்கார்ந்து, நாலு கண்ணாடியையும் ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரை முழுசாகத் திருகினோம். ஐந்தாவது நிமிடத்தில் செல்வத்தின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பத்தாவது நிமிடத்தில் என் மூக்கிலிருந்து சொட்டியது. எதிரே டீக்கடை வைத்திருந்த முனியம்மா ஓடிவந்து கண்ணாடியைத் தட்டி, "இன்னாய்யா இது, எதுனா வேண்டுதலா?" என்றாள். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நாங்கள் மூவரும் உள்ளே சிரித்துக்கொண்டே அவிந்துகொண்டிருந்தோம். இளையபெருமாள் என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, "போதுங்கண்ணா, இந்தச் சூடு என் பொண்ணுக்குப் போதும்" என்றார். அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் பட்டறையைத் திறக்கும்போதே வாசலில் அந்த வெள்ளைக் கார் நின்றது. வீட்டைத் தயார்செய்ய மலைக்குப் போனவர் திரும்பி வந்திருந்தார். கோபமே இல்லாமல் சொன்னார்: "ஏத்தத்துல நல்லாத்தான் வந்துச்சிங்க. மேல போனதும் ஜில்லுனு அடிக்குது. நேத்தே சொல்ல வந்தேங்க."

நேற்றே சொல்ல வந்தாராம்! அந்த ஒரு வார்த்தைக்குப் பதில், அவர் என்னை ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம்.

அவரோடு காரில் ஏறிக்கொண்டேன். கச்சிராயபாளையம், கோமுகி அணை, அப்புறம் ஏற்றம். வளைவுக்கு வளைவு எஞ்சின் முக்கியது, ஹீட்டர் அனலைக் கொட்டியது. என்னய்யா குறை இதில் என்று நினைத்தேன். வெள்ளிமலை தாண்டிச் சமமான ரோட்டில் பனிக்குள் நுழைந்தோம். எஞ்சினுக்குச் சிரமம் குறைந்தது. காற்று முதலில் வெதுவெதுப்பானது, பிறகு குளிர்ந்தது. முன்கண்ணாடி ஓரத்திலிருந்து வெள்ளையாக மூட ஆரம்பித்தது. சூடு காட்டும் முள்ளைப் பார்த்தேன். அடியில் போய்ப் படுத்துக் கிடந்தது.

வண்டியை நிறுத்தச் சொன்னேன். டிக்கியில் சாமை ஏற்றிய காலிச் சாக்கு ஒன்று கிடந்தது. அதை மடித்து ரேடியேட்டரின் முகத்தை மறைத்துக் கட்டி, மறுபடி ஓட்டச் சொன்னேன். இரண்டு கிலோமீட்டரில் முள் எழுந்து உட்கார்ந்தது, ஹீட்டர் சுட்டது. ஹீட்டரில் குறை எதுவுமே இல்லை. எஞ்சின் சூடேறாமலே ஓடுகிறது. தண்ணீரை நிறுத்திவைக்க வேண்டிய வால்வு அங்கே இல்லை.

சாக்கோடு அனுப்பிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன், மறைக்கமாட்டேன். இவருக்குப் பெரிய வித்தை மாதிரி இருக்கும், எனக்கும் மானம் மிஞ்சும். ஆனால் ஏற்றத்தில் சாக்கை எடுக்க மறந்து, தண்ணீர் கொதித்து, கைப்பிள்ளையோடு நடு மலையில் நின்றால்? சாக்கை அவிழ்த்து டிக்கியில் போட்டேன். "வண்டிய நம்ம பட்டறைக்கே வுடு" என்றேன்.

பட்டறையில் பாய் வந்திருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்க, வால்வு இருக்கும் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றித் திறந்தேன். உள்ளே காலி. வண்டி நம்பரைப் பார்த்தேன். சுவரில் தொங்கிய வடைமாலையைப் பார்த்தேன். கிட்டப் போய் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். நடுவாக்கில், தூசியைத் துடைத்ததும், அதே நம்பர் மஞ்சளாகத் தெரிந்தது. எழுத்து என்னுடையது. வக்கீல் காலத்தில் நானே கழற்றி, நானே எழுதி, நானே கோத்தது.

"பாய், இது நாம கழட்டுனது."

"நாமன்னா?"

"நான்தான். நீங்க சொல்லித்தான்."

அடி விழும் என்றுதான் நினைத்தேன். பாய் வடைமாலையையே வெகுநேரம் பார்த்தார். அத்தனை வருடப் பெருமை அது. பிறகு அந்தக் காரிடம் போய், பானெட்டில் கை வைத்து, "மன்னிச்சிக்குங்க" என்றார். என்னிடம் திரும்பி, "டேய், கட்டிங் பிளேயர எட்றா" என்றார். கம்பியை அவரே வெட்டினார். பட்டறை முழுக்க வால்வுகள் உருண்டோடின. நாங்கள் எல்லோரும் மண்டிபோட்டுப் பொறுக்கினோம். செல்வத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அப்புறம் எனக்கும் தாங்கவில்லை, கடைசியில் பாயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அந்தக் காருக்குப் புது வால்வு வேண்டுமென்றால் சேலத்தில் சொல்லிவைத்து இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். விடிந்தால் வியாழன். பழையதே வேலை செய்தால்தான் உண்டு. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, சோப்புப் போட்டு, முனியம்மா கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினோம்.

"என் டீச் சட்டியில இன்னாத்தப் போடப் போற?" என்று கரண்டியை ஓங்கினாள். பிள்ளைக்காக என்று சொன்னதும், அடுப்பிலிருந்த பாலை இறக்கிவிட்டு இட்லிக் குண்டானில் தண்ணீர் வைத்தாள். வால்வை நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டேன். கடையில் டீ குடிக்க வந்தவர்கள் எல்லோரும் குண்டானைச் சுற்றி நின்றார்கள். தண்ணீர் சலசலக்க ஆரம்பித்தது. வால்வு அசையவில்லை. இளையபெருமாள் கண்ணை மூடிக்கொண்டார். ஆவி மூஞ்சியில் அடிக்கும் நேரத்தில் அது மெல்ல வாயைத் திறந்தது.

"தொறந்துடுச்சி! தொறந்துடுச்சி!" என்று முனியம்மா கத்திய கத்தலில் ரோட்டில் போன ஷேர் ஆட்டோ நின்றுவிட்டது. வெளியே எடுத்ததும் ஆறி மூடிக்கொண்டது. பாய் விடவில்லை. "இன்னும் ரெண்டு தடவ கேளுடா அத்த" என்றார். மூன்று தடவையும் திறந்து மூடியது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் இளையபெருமாளின் மனைவி தீபா, துணியில் சுற்றிய பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்து ஏறினாள். இருபத்தாறு நாள் ஆஸ்பத்திரி வாசம் அவள் முகத்தில் தெரிந்தது. முன்சீட்டில் பாய் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். "அவுங்கள தனியா அனுப்ப மனசு வரலடா" என்றார். காரைத்தான் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியும். நான் பின்னால் ஒரு ஓரத்தில், பைகளுக்கு அந்தப் பக்கம் ஒடுங்கிக்கொண்டேன்.

ஏற்றம் முடிந்தது. வெள்ளிமலை தாண்டியது. பனி வந்து மூடியது. முன்சீட்டு வழியாகக் கழுத்தை நீட்டி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் நின்றது. அசையவில்லை. வெளியே பத்தடி தள்ளி மரம் தெரியவில்லை, முன்கண்ணாடியில் மூச்சளவு மூட்டம் இல்லை. காருக்குள் அனல். எனக்குச் சட்டை நனைந்தது. பாயின் வெள்ளைக் கைலி வியர்வையில் தொடையோடு ஒட்டிக் கிடந்ததை முதல்முறையாகப் பார்த்தேன். கண்ணாடியை இறக்கலாமா என்று கேட்க எங்கள் இருவருக்கும் துணிச்சல் இல்லை.

"ஐயோ, இங்க பாருங்களேன்!" என்றாள் தீபா.

எனக்கு உயிரே போய்விட்டது. இளையபெருமாள் பிரேக்கை மிதித்தார். மூன்று தலைகள் திரும்பின. அவள் துணியை விலக்கிக் காட்டினாள். பட்டாணி அளவு மூக்கு. அதன் நுனியில் ஒரே ஒரு வியர்வைத் துளி.

"புள்ளைக்கு வேர்த்துடுச்சிங்க!" என்று சொல்லிச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். இளையபெருமாள் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. அத்தனை வியர்வைக்கு நடுவில் யாருக்கும் தெரிந்திருக்காது. பாய் ஹீட்டர் குமிழை ஒரு நூல் அளவு திருப்பி, "போதுங்க" என்றார்.

அதற்கப்புறம் பாய் யார் வால்வையும் கழற்றச் சொன்னதில்லை. பழைய வாடிக்கைக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "ஒங்க பொருளு ஒண்ணு எங்கிட்ட கீது, வந்து மாட்டிக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேலை செய்ததை மாட்டினோம், செய்யாததற்குப் புதுசு போட்டோம். அதனால் தம்பி, உன் கேள்விக்குப் பதில் இதுதான். இந்தக் காலத்தில் கம்ப்யூட்டரைச் செருகினால் வண்டியே கோளாறைச் சொல்லிவிடுகிறது. உன்னிடம் வந்திருப்பது பழைய வண்டி. முதலில் வால்வு இருக்கிறதா என்று திறந்து பார். இல்லையென்றால் எங்கள் தலைமுறையைத் திட்டிக்கொண்டே ஒன்று வாங்கி மாட்டு.

போன மாதம் என் வீட்டு வாசலில் அந்த வெள்ளைக் கார் வந்து நின்றது. இன்னும் ஓடுகிறது. முன்சீட்டிலிருந்து ஒரு பெண்பிள்ளை எட்டிக் குதித்தாள். தலை நிறையக் கனகாம்பரம், கை நிறையக் கொய்யாப்பழம். பழத்தை என் கையில் கொட்டிவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "மாமா, நீங்கதானே ஹீட்டர் ரிப்பேர் பண்ணீங்க? சூடு ஜாஸ்தியா வருது, கம்மி பண்ணிக் குடுங்க" என்றாள்.

நடுவில் பேசாமல், அதை அவளை மூன்று தடவை சொல்ல வைத்தேன்.